சொன்ன பேச்சு கேக்கிற நாய்

சாயங்காலம் அப்பார்ட்மென்ட் கீழ பசங்க ஓடிப்புடிச்சு விளையாடிட்டு இருந்தாங்க, பக்கத்து பிளாக் பார்டர் கோலி நாய் தலையத் தாழ்த்திக்கிட்டு சுத்திச் சுத்தி வந்து அத்தனை பேரையும் ஒரு மூலைல சேத்துடுச்சு.

குரைக்கவே இல்ல. வெறும் பார்வைதான்.

ஸ்காட்லாந்து எல்லைப் பக்கம் ஆடு மேய்க்க வளத்த ஜாதி, ரெண்டு பெட்ரூம் வீட்ல என்னதான் பண்ணும் பாவம்.

சைக்காலஜிஸ்ட் ஸ்டான்லி கோரன் 1994ல போட்ட அறிவாளி நாய் லிஸ்ட்ல இதுதான் ஃபர்ஸ்ட், அடுத்து பூடில், அப்புறம் ஜெர்மன் ஷெப்பர்ட். கடைசி ஆப்கன் ஹவுண்ட்.

ஆனா அது பெரும்பாலும் சொன்னத எவ்ளோ சீக்கிரம் கேக்குதுங்கிற கணக்குதான். முயலத் தொரத்துற நம்ம சிப்பிப்பாறைக்கு யாரு கட்டளை போடுறது, அதுவே பாத்து அதுவே முடிவு பண்ணி ஓடணும், அதுவும் மூளைதானே?

ஊர்ல மாமா வீட்டு சிப்பிப்பாறைகிட்ட 'உக்காரு'ன்னு சொன்னா, ஒரு லுக்கு விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கும்.