யூஎஸ்பி மின்சாரத்தை அளக்க ஒரு மீட்டர்: சேலத்தில் கட்டி ஏற்காட்டில் மாட்டியது

ஏற்காட்டில் மச்சானின் காப்பித் தோட்டத்தில் கேமராவோடு ஒரு ராஸ்பெர்ரி பை (கையடக்கக் கம்ப்யூட்டர் போர்டு) ஓடுகிறது. அது அடிக்கடி தானாகவே ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தது. அடாப்டரில் 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. பை-யில் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் வரும் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. நடுவில் அரை வோல்ட் எங்கே போகிறது என்று பார்க்கத்தான் இந்தச் சர்க்யூட்.

கரண்ட்டையும் வோல்ட்டையும் அளக்கும் சிப் உள்ள ஐஎன்ஏ219 மாட்யூல், அதைப் படிக்க ஆர்டுயினோ நானோ என்ற குட்டி கன்ட்ரோலர் போர்டு, சின்ன ஓஎல்இடி திரை. அவ்வளவுதான். கரண்ட் போகும் வழியில் வைக்கும் சிறிய தடைதான் ஷன்ட் ரெசிஸ்டர்; அதில் விழும் வோல்ட்டை வைத்துத்தான் சிப் கரண்ட்டைக் கணக்கிடுகிறது. அதை பிளஸ் லைனில்தான் வைத்தேன். மைனஸ் லைனில் வைத்தால் பை-யின் கிரவுண்ட் மேலே ஏறிவிடும். டேட்டா லைன்களுக்கும் அதே கிரவுண்ட்தான்.

மாட்யூலோடு வரும் ஷன்ட் 0.1 ஓம். 2.5 ஆம்பியர் ஓடினால் அதிலேயே 0.25 வோல்ட் போய்விடும். காணாமல் போன வோல்ட்டைத் தேடுகிற மீட்டரே கால் வோல்ட் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதைக் கழற்றி 0.02 ஓம் வைத்தேன்; இழப்பு 0.05 வோல்ட்டாகக் குறைந்தது. இன்னும் குறைத்து 0.01 வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் இந்தச் சிப்பின் ஆஃப்செட் (கரண்ட் இல்லாதபோதும் காட்டும் பிழை) 100 மைக்ரோவோல்ட் வரை இருக்கலாம், 0.01 ஓமில் அது 10 மில்லிஆம்பியர் பிழை. 0.02 எனக்குச் சரியாகப் பட்டது. ஷன்ட் மாறியதால், சிப்பில் அதற்கேற்ற எண்ணை எழுதும் காலிப்ரேஷன் ரிஜிஸ்டரில் 4096-க்குப் பதில் 20480.

ரொம்பக் கவனம் எடுத்தது சால்டரிங்கில்தான். 0.02 ஓமில் 1 மில்லிஓம் கூடினாலே அளவு 5 சதவீதம் தப்பும். அதனால் கரண்ட் போகும் தடித்த வயர் தனி, சிப்புக்குப் போகும் மெல்லிய வயர் தனி; மெல்லிய வயர்கள் ரெசிஸ்டரின் காலிலேயே நேராகத் தொட வேண்டும். செம்புக் கம்பித் துண்டையே ஷன்ட்டாக வைத்தால் காசு மிச்சம்தான். ஆனால் செம்பின் தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் மாறும். சேலத்து வெயிலில் காலிப்ரேட் செய்து ஏற்காட்டுக் குளிருக்குக் கொண்டுபோனால், 10 டிகிரி வித்தியாசத்திலேயே ஏறக்குறைய 4 சதவீதம் தப்பிவிடும். இதற்கு, சூட்டில் தடை அவ்வளவாக மாறாத மாங்கனின் உலோகக் கலவை ரெசிஸ்டர்தான் வேண்டும்.

10 ஓம் சிமெண்ட் ரெசிஸ்டரை லோடாகப் போட்டு, மல்டிமீட்டரோடு ஒப்பிட்டேன். இரண்டும் ஒத்துப்போயின. அப்புறம் மலையேறினேன்.

முதலில் சிப்பை 128 சாம்பிள் (128 முறை அளந்து) சராசரியில் வைத்துப் பார்த்தபோது 0.6 ஆம்பியர்தான் காட்டியது. ஒரு அளவுக்கு 68 மில்லிசெகண்ட் ஆவதால் நடுவில் வரும் உச்சம் சராசரியில் கரைந்துபோகிறது. சராசரி போடுவதை நிறுத்திவிட்டேன். கேமரா படம் எடுக்கும் நேரத்தில் 1.2 ஆம்பியர் வரை தாவுகிறது! அந்த நேரத்தில் அடாப்டர் முனையில் 5.05 வோல்ட், பை முனையில் 4.5.

அடாப்டர் நல்லாத்தான் இருக்கிறது, கேபிள்தான் ஆகாது. மேலுறையில் 28 ஏடபிள்யூஜி என்று அச்சடித்திருந்தது. இது கம்பியின் தடிமன் அளவு; எண் கூடக்கூடக் கம்பி மெல்லிசு. ஒரு மீட்டர் கேபிளில் போக வர 0.43 ஓம், 1.2 ஆம்பியருக்கு அரை வோல்ட் அங்கேயே கழிந்துவிடுகிறது. அதே நீளத்தில் 24 ஏடபிள்யூஜி கேபிள் மாற்றினோம். இப்போது உச்சத்திலும் 4.8 நிற்கிறது.

மீட்டரை அங்கேயே விட்டு வந்திருக்கிறேன். அடுத்து, அளவுகளை மெமரி கார்டில் எழுத வைக்க வேண்டும்.