தடைக்காலத்தில் ஒரு முதுகு ஆபரேஷன்

"முதுகுல கைய வச்சா கால் போயிரும்டி." மண்டபம் பக்கம் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். எனக்கு முதுகெலும்பு வளைவு பள்ளிக்கூட வயதிலேயே ஆரம்பித்தது. பாவாடை ஒரு பக்கம் ஏறி நிற்கும், வலது தோள்பட்டை எலும்பு துருத்தும். வலி இல்லையே என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் ஆகி, நாற்பதை நெருங்கும்போது தண்ணீர் வண்டியைத் தள்ளினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. அப்புறம்தான் மதுரைக்குப் போனோம்.

நிற்க வைத்து முதுகு முழுவதையும் ஒரே படமாக எக்ஸ்ரே எடுத்தார்கள். வளைவு எத்தனை டிகிரி என்று அதில் அளப்பதுதான் காப் கோணம். 10 டிகிரியைத் தொட்டாலே ஸ்கோலியோசிஸ், அதாவது முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்த நிலை என்று கணக்கு. எனக்கு 74. சின்ன வளைவாக இருந்தால் உடம்பு வளர்ந்து முடிந்ததும் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். நெஞ்சுப் பகுதியில் 50ஐத் தாண்டிவிட்டால் வருடத்துக்கு ஒரு டிகிரி போலக் கூடிக்கொண்டே போகலாம். ஒரு கட்டத்தில் நுரையீரலுக்கு இடம் குறையும். டாக்டர் ஆபரேஷன் செய்யச் சொன்னார், ஆனால் ஆசை காட்டவில்லை. "நேராக்கிக் காட்டுறதுக்கு இல்லம்மா, இதுக்கு மேல வளையாம நிறுத்தத்தான்" என்றார். அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. ஆள் வீட்டில் இருப்பார், ஆனால் வருமானமும் இருக்காது. இருந்தாலும் அந்தச் சமயத்தில்தான் தேதி கேட்டோம். அதற்கு முன்னால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசில் முதல்வர் காப்பீட்டு அட்டை என்று அலைந்ததை எழுதினால் தனிக் கதை. மூச்சு ஊதும் டெஸ்ட், எக்கோ, எம்.ஆர்.ஐ. எல்லாம் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் வளைந்து படுக்க வைத்தும் எக்ஸ்ரே எடுத்தார்கள், முதுகு எவ்வளவு இளகிக் கொடுக்கிறது என்று பார்க்க. பெரியவர்களுக்கு அது இறுகிப் போயிருக்கும், அதனால் முழுசாக நிமிராது.

கால் போய்விடுமா என்று நேராகவே கேட்டேன். ஆபத்து குறைவுதான், இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது என்றார்கள். ஆபரேஷன் நடக்கும்போது தலையிலும் கால்களிலும் ஒயர் பொருத்தி, நரம்பில் சிக்னல் ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்களாம். முதுகெலும்புகளில் ஸ்க்ரூ போட்டுக் கம்பியால் இணைப்பதுதான் ஆபரேஷன். கிருமித் தொற்று வரலாம், எலும்பு ஒட்டாவிட்டால் கம்பி உடையலாம் என்பதையும் மறைக்கவில்லை. ஸ்க்ரூவும் கம்பியும் எலும்பு ஒட்டும் வரை தாங்கிப் பிடிக்கத்தான். அந்த எலும்புகள் ஒன்றாக ஒட்டிக்கொள்வதுதான் வைத்தியம்.

கண் விழித்ததும் "கால் விரலை ஆட்டும்மா" என்றார்கள். ஆடியது. ஐ.சி.யூ.வில் வலியைவிட, வயிறு உப்பி மலம் போகாமல் பட்ட பாடுதான் பெரிது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உடம்பைக் கட்டை மாதிரி மொத்தமாகத்தான் புரட்ட வேண்டும். மூன்று பந்து உள்ள கருவியை உறிஞ்சி உறிஞ்சி மூச்சுப் பழக வேண்டும். சீக்கிரமே எழுப்பி நிற்கவும் வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சோதனை. குனியாதே, திரும்பாதே, கனம் தூக்காதே என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது. வந்ததும் குடத்தைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். தடைக்காலம் முடியும் வரை அவரே பிடித்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் கடலுக்குப் போனதும் மாமியார், பிறகு காசு கொடுத்து டேங்கர் தண்ணீர். எலும்பு ஒட்ட மாதக் கணக்காகும். அதுவரை நான் ஒரு குடத்தைக்கூடத் தொடவில்லை. கக்கூஸை வெஸ்டர்னாக மாற்றியதை மட்டும் முன்பே செய்து வைத்திருந்தோம், பிழைத்தேன்.

இப்போது கோணம் 38. முதுகில் ஒரு கை அகலத்துக்கு மரத்துப் போயிருக்கிறது. ஆனால் வண்டி தள்ளும்போது நடுவில் நிற்பதில்லை.

போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: கம்பி எந்த எலும்பு வரை இறங்குகிறது? இடுப்பெலும்பு வரை போனால் குனிவதும் தரையில் உட்கார்வதும் ரொம்பக் குறைந்துவிடும். எனக்கு அதற்கு மேலேயே நின்றுவிட்டதால் சம்மணம் போட முடிகிறது. அரிவாள்மனைதான் பரணுக்குப் போய்விட்டது; மீனை மேடையில் நின்றுகொண்டே கத்தியால் வெட்டுகிறேன்.