மார்கழிக் காலையில் கெடிலக் கரை

மார்கழி பிறந்ததிலிருந்து எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் மண்தட்டில் கம்பும் தினையும், பக்கத்துச் சட்டியில் தண்ணீரும் வைத்து வருகிறேன். சிட்டுக்குருவிகளும் மைனாக்களும் வருகின்றன. பாதியை அணில் தின்றுவிடுகிறது என்பது வேறு கதை. ஆனால் வலசை வரும் கரைப்பறவைகள் தானியத்துக்கு மயங்குபவை அல்ல. ஈரமணலில் கிடைக்கும் புழுவும் சிறு நண்டுமே அவற்றின் உணவு என்பதால், அவற்றைக் காண நாம்தான் கடலூர்க் கடற்கரையான தேவனாம்பட்டினத்துக்குப் போக வேண்டும்.

கடந்த ஞாயிறன்று, கெடிலம் கடலோடு சேரும் இடத்தருகே நீரோரம் நின்றிருந்த கூட்டத்தைப் பார்த்து முதலில் ஏமாந்தேன். பழுப்புத்தலைக் கடற்காகம் என்று பெயர், தலையோ வெள்ளை. திபெத், லடாக் போன்ற உயர்நிலத்து ஏரிகளில் கூடு கட்டும் பருவத்தில்தான் அந்தப் பழுப்பு முக்காடு. இங்கே தங்கும் குளிர்காலத்தில் அது மறைந்து, கண்ணுக்குப் பின்னால் மைதீட்டியதுபோல் ஒரு கரும்புள்ளி மட்டும் எஞ்சுகிறது. சற்றுத் தள்ளி உப்புக்கொத்திகள் என்னும் சிறு கரைப்பறவைகள் நாலடி ஓடி, சட்டென நின்று, குனிந்து கொத்தி, மீண்டும் ஓடின. தெருநாய் ஒன்று வந்தது. எல்லாம் ஒரே வீச்சில் எழுந்து அக்கரைக்குப் போய்விட்டன.