வாசலில் ஒரு காவல்: செர்வர் நாட்குறிப்பு

மார்ச் 3, செவ்வாய்

என் கோட் தளம் திணறுகிறது. லோடு, அதாவது செர்வரின் வேலைச்சுமை, 11. இருப்பது இரண்டு கோர்.

மார்ச் 4, புதன்

வருகைகளைப் பதியும் ஆக்சஸ் லாகை ஐபி வாரியாக எண்ணினேன். தானாகப் பக்கங்களை அள்ளும் நிரல்கள், பாட்கள், என்று சந்தேகம். ஒரு ஐபிக்கு ஒரே ரெக்வெஸ்ட், மிஞ்சினால் இரண்டு. லாகைப் பார்த்து ஐபிக்களைத் தடுக்கும் ஃபெயில்2பேன் இதில் எதைப் பிடிக்கும்? ஒரே ஐபி திரும்பத் திரும்பத் தட்டினால்தான் அது விழித்துக்கொள்ளும். வெப் செர்வரான என்ஜின்எக்ஸில் ஐபி வாரியாகப் போட்டிருக்கும் லிமிட்_ரெக் என்ற வேகத்தடை வரிக்கும் அதே கதிதான்.

அதிகாலை 3:14:07 வரியை மட்டும் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். விண்டோஸில் ஓடும் குரோம் என்று சொல்லிக்கொள்கிறது. கேட்பது, ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு கமிட்டில் (சேமித்த மாற்றத்தில்) மேக்ஃபைல் என்ற ஃபைலின் பிளேம் பக்கம்; எந்த வரியை யார் எப்போது எழுதினார் என்று காட்டுவது. சிஎஸ்எஸ் கேட்கவில்லை, படம் கேட்கவில்லை, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லும் ரெஃபரர் காலி. அடுத்த நொடி அடுத்த கமிட், வேறு ஐபி.

ரிப்போவில் (கோட் கிடங்கில்) 4,000 கமிட், 300 ஃபைல். பிளேம் பக்கங்கள் மட்டுமே 12 லட்சம் வரை போகும். ஒவ்வொன்றுக்கும் கோட் வரலாற்றைக் காக்கும் கிட் அந்த ஃபைலின் வரலாற்றைப் பின்னோக்கிப் புரட்டியாக வேண்டும். கேச் போட்டும் பயனில்லை. ஒரே பக்கத்தை இரண்டாம் முறை யாரும் கேட்பதில்லை.

மார்ச் 5, வியாழன்

எந்தப் பக்கங்களைத் தொடக் கூடாது என்று பாட்களுக்குச் சொல்லும் ரோபாட்ஸ்.டெக்ஸ்ட் 1994இல் வந்த ஏற்பாடு. 2022இல்தான் ஆர்எஃப்சி 9309 என்ற இணைய நெறி ஆவணம் ஆனது. மதிக்கிறவர்களுக்கு மட்டுமே அது வேலி. ஆனாலும் எடுக்க மாட்டேன். மதிக்கிறவர்களும் வருகிறார்கள்.

மார்ச் 7, சனி

பாட்களைச் சோதித்து வடிக்கும் அனுபிஸ் போட்டாயிற்று. போர்ட் 443இல் என்ஜின்எக்ஸ் டிஎல்எஸ் குறியாக்கத்தை முடித்து 127.0.0.1:8923க்குத் தள்ளுகிறது. அங்கே அனுபிஸ். அதற்கும் பின்னால் 3000இல், ரிப்போவைப் பக்கங்களாகக் காட்டும் ஃபோர்ஜேயோ.

முதலில் 502 பிழை, பின்னால் இருப்பதை எட்ட முடியவில்லை என்று. அனுபிஸின் டார்கெட் மாறியில் லோக்கல்ஹோஸ்ட்:3000 என்று கொடுத்திருந்தேன். நிரலைத் தனிப்பெட்டியில் ஓட்டும் டாக்கர் கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரேதான். டாக்கர் அமைப்பை எழுதும் கம்போஸ் ஃபைலில் இருக்கும் சர்வீஸ் பெயரைக் கொடுத்ததும் சரியானது. அடுத்து, எக்ஸ்-ரியல்-ஐபி ஹெடர் இல்லை என்று ஒரு பிழை. என்ஜின்எக்ஸின் லொகேஷன் பிளாக்கில் ப்ராக்ஸி_செட்_ஹெடர் வரி ஒன்று சேர்த்து வருகிறவரின் ஐபியான ரிமோட்_அட்ரை அதில் அனுப்ப வேண்டும். வருவது யார் என்று தெரியாமல் அனுபிஸ் எப்படித் தீர்மானிக்கும்?

உள்ளே நடப்பது எளிமையானது. அனுபிஸ் பிரவுசர் கையில் ஓர் எழுத்துச் சரத்தைக் கொடுக்கிறது. அதனோடு ஓர் எண்ணைச் சேர்த்து எஸ்எச்ஏ-256 என்ற ஹாஷ் கணக்கைப் போட்டால், ஹெக்ஸ் விடை நான்கு பூஜ்யங்களில் தொடங்க வேண்டும். அப்படிப்பட்ட எண் கிடைக்கும்வரை பிரவுசர் தேடுகிறது. சராசரியாக 65,536 முயற்சி. கண்டுபிடித்தால் கையொப்பமிட்ட குக்கி, 7 நாள் செல்லும். மனிதருக்கு வாரத்தில் ஒரு சிறு காத்திருப்பு. குக்கியை வைத்துக்கொள்ளாமல் புதிது புதிதாக வருகிற பாட் நிரலுக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கணக்கு. 1997இல் ஆடம் பேக் ஸ்பேம் அஞ்சலுக்கு எதிராக முன்வைத்த ஹாஷ்கேஷின் வழிதான் இது.

மார்ச் 8, ஞாயிறு

லோடு 0.4.

மார்ச் 9, திங்கள்

லோடு 6. அனுபிஸ் லாகில் எதுவுமே இல்லை. அப்படியானால் எந்த வழியாக வருகிறார்கள்?

மதியம் பிடிபட்டது. திறந்த போர்ட்களைக் காட்டும் எஸ்எஸ் கட்டளை 0.0.0.0:3000 என்கிறது, அதாவது ஃபோர்ஜேயோ வெளியுலகுக்கே நேராகத் திறந்திருக்கிறது. ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவில் 3000ஐ அடைத்துத்தான் வைத்திருக்கிறேன், ஆனால் டாக்கர் போர்ட்டைத் திறக்கும்போது அதற்கும் அடியில் இருக்கும் ஐபிடேபிள்ஸில் தன் விதிகளை நேரடியாக எழுதிவிடுகிறது. யுஎஃப்டபிள்யூவின் தடை அந்தப் பாதையில் குறுக்கே வருவதே இல்லை. முன்வாசலில் காவல் நிற்க, புழக்கடை திறந்தே கிடந்திருக்கிறது. கம்போஸில் 3000:3000 என்றிருந்ததை 127.0.0.1:3000:3000 ஆக்கினேன், இனி செர்வருக்குள் மட்டும். ஐபிவி6 பக்கமும் பார்த்தேன், அதுவும் திறந்திருந்தது, இப்போது இல்லை. செர்வருக்குள்ளிருந்து சோதித்தால் இது தெரியவே தெரியாது. வெளியே வேறோர் இணைப்பிலிருந்து கர்ல் கட்டளையில் பக்கத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மார்ச் 11, புதன்

புதிய மாற்றங்களை வாசகருக்கு அனுப்பும் ஆர்எஸ்எஸ் ஃபீட் நின்றுபோயிருக்கிறது. ரிப்போவை முழுதாக நகலெடுக்கும் கிட் குளோன் தடையில்லாமல் போகிறது; தன்னை இன்னார் என்று சொல்லும் அதன் யூசர்-ஏஜென்ட்டில் மொசில்லா என்ற சொல் கிடையாது, அதனால் சோதனையும் கிடையாது. ஆனால் பல ஃபீட் ரீடர்கள் மொசில்லா/5.0 என்றே தொடங்குகின்றன. எக்ஸ்எம்எல் கேட்டவர்களுக்கு எச்டிஎம்எல் சோதனைப் பக்கம் போயிருக்கிறது.

அனுபிஸின் பாலிசி ஃபைலில் .ஆர்எஸ்எஸ், .ஆட்டம் என முடியும் பாதைகளுக்கு அலவ் விதி எழுதினேன். பிரவுசர் விதிக்கு மேலே வைக்க வேண்டும். முதலில் பொருந்துவதே தீர்ப்பு. இன்னொன்று: பாதையைப் பொருத்தும் ரெஜெக்ஸை இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் பின்சாய்கோடும் புள்ளியும் சேர்ந்த இடத்தில், அந்த ஃபைலின் வடிவமான யாமெல் பிழை காட்டும். ஒற்றை மேற்கோள் போதும்.

மார்ச் 12, வியாழன்

ரீஸ்டார்ட் செய்தால் எல்லோருக்கும் மறுபடி சோதனை. கையொப்பச் சாவி கொடுக்காவிட்டால் அனுபிஸ் தொடங்கும்போதெல்லாம் புதிதாக ஒன்று உருவாக்கிக்கொள்கிறது, பழைய குக்கிகள் செல்லாமல் போகின்றன. ஓபன்எஸ்எஸ்எல்லில் 32 பைட் ரேண்டம் ஹெக்ஸ் எடுத்து இடி25519 மாறியில் போட்டேன். 64 எழுத்து. பேக்கப்பிலும் சேர்க்க வேண்டும்.

மார்ச் 14, சனி

கடினத்தை, அதாவது பூஜ்யங்களின் எண்ணிக்கையை, 5 ஆக்கலாமா என்று காலையிலிருந்து யோசனை. ஒன்று கூட்டினால் 16 மடங்கு: சராசரி 10,48,576 முயற்சி. புதிய லேப்டாப்பில் பொறுக்கலாம். பழைய ஃபோனில் போட்டுப் பார்த்தேன். திரையில் முன்னேற்றக் கம்பி மெதுவாக நகர்கிறது, ஃபோன் சுடுகிறது. அந்த ஃபோனோடு ஒரு கோட் வரியைப் படிக்க வருகிறவர் திரும்பிப் போய்விடுவார், எனக்குத் தெரியவும் வராது. பாட் வந்தால் லாகில் தெரியும். வெறுங்கையோடு திரும்பிய மனிதரை எந்த லாகில் தேடுவது? ஜாவாஸ்கிரிப்டை அணைத்து வைத்திருப்பவர்கள் வேறு. அவர்களுக்கென்று மெட்டாரெஃப்ரெஷ் முறை இருக்கிறது, கணக்கே வேண்டாம், பக்கம் தானாகத் திரும்பி வந்தால் போதும். பாட்களில் பலவற்றுக்கு அதுகூட வராது.

முடிவு: பொதுவாக மெட்டாரெஃப்ரெஷ். பிளேம், ஆர்க்கைவ் பாதைகளுக்கு மட்டும் கணக்கு, கடினம் 4. ஐந்து வேண்டவே வேண்டாம்.

மார்ச் 15, ஞாயிறு

டிஸ்க் 91%. ஒவ்வொரு கமிட்டுக்கும் ஜிப் கேட்டு வாங்கியிருக்கிறார்கள், ஃபோர்ஜேயோ எல்லாவற்றையும் ரிப்போ-ஆர்க்கைவ் ஃபோல்டரில் சேமித்திருக்கிறது. புழக்கடை திறந்திருந்த நாட்களின் மிச்சம். காலி செய்தேன். சோர்ஸ் ஆர்க்கைவ் தரவிறக்கத்தையே அமைப்பில் நிறுத்திவிட்டேன். குளோன் இருக்கிறது, அது போதும்.

மார்ச் 16, திங்கள்

0.3. ஃபீட் வருகிறது. வெளியிலிருந்து 3000 திறக்கவில்லை, இரண்டு முறை பார்த்தேன்.

மார்ச் 18, புதன்

லோடு 2. அதிகாலை 3:20. அதே மேக்ஃபைல், அதே பிளேம். இந்த முறை குக்கியோடு வந்திருக்கிறது. சிஎஸ்எஸ்ஸும் கேட்டிருக்கிறது.