விழுவதற்கு ஒதுக்கிய நாட்கள்

திருநெல்வேலியில் பயண ஏற்பாட்டுத் தொழில் பெரும்பாலும் புண்ணியத் தலங்களை நம்பி நடப்பது. கோடை விடுமுறையில் காசி, கார்த்திகை பிறந்தால் சபரிமலை, மேலப்பாளையத்திலிருந்து உம்ரா, பாளையங்கோட்டையிலிருந்து எருசலேம் என்று எங்கள் அலுவலகமும் அந்தச் சுற்றிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. இவற்றுக்குத் திட்டம் போடுவது முழுக்கக் கூட்டல் வேலை. போகிற வழியில் இன்னொரு கோயிலைச் சேர்க்க முடியுமா என்பதுதான் வருகிறவர்களின் முதற்கேள்வி. சேர்த்துக் கொடுக்கிறவருக்கே நல்ல பெயர். பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிற இளைஞர்கள் ஊருக்கு வரும்போது, ஸ்னோபோர்டிங், அதாவது இரண்டு கால்களையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு பனி மூடிய சரிவில் சறுக்கி இறங்குவது, கற்றுக்கொள்ளப் போக வேண்டும் என்று எங்கள் மேசைக்கு முன்னால் வந்து உட்காரத் தொடங்கிய பிறகுதான், இந்தத் தொழிலில் கழித்தலையும் பழக வேண்டியதாயிற்று.

அவர்கள் கைபேசியில் கொண்டுவரும் திட்டங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஸ்ரீநகரில் படகு வீடு, சோன்மார்க், பஹல்காம், நடுவே குல்மார்கில் ஓர் இரவு, அந்த ஓர் இரவுக்கு மறுநாள் காலையில் 'ஸ்னோபோர்டிங், அரை நாள்'. அந்த அரை நாளில் என்ன நடக்கும் என்பதை நான் ஒளிக்காமல் சொல்லிவிடுவது வழக்கம். பலகையை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கவே ஒரு மணி நேரம் போகும். குதிகால் பக்க விளிம்பைப் பனியில் அழுத்தி, பக்கவாட்டில் மெல்ல வழுக்கி இறங்கவும் நிற்கவும் பழகுவதோடு முதல் நாள் முடிந்துவிடும். சரிவின் கீழ்ப்பக்கமாக இருக்கும் விளிம்பு தெரியாமல் பனியில் குத்திவிட்டால், ஆளை அப்படியே தூக்கி அடிக்கும். இரண்டாம் நாள் உடம்பெல்லாம் வலிக்கும். அந்த வலியோடுதான் விரல்பக்க விளிம்பைப் பழக வேண்டும். இரண்டு விளிம்புகளையும் இணைத்து வளைந்து வளைந்து இறங்குவது பலருக்கு மூன்றாம் நாளில்தான் கைகூடுகிறது. இடையில் ஒரு நாள் பஹல்காமுக்குப் போய்விட்டு வந்தால் பழகியதில் பாதி போய்விடும். எனவே ஒரு வார விடுப்பில் குறைந்தது நான்கு நாட்கள் ஒரே சரிவில், ஒரே ஆசிரியரிடம் என்பதை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

"அண்ணாச்சி, சைக்கிள் பழகுன மாதிரி ஒரு நாள்ல பிடிபட்டுராதா?" என்று ஒரு தம்பி கேட்டார்.

"சைக்கிள்ல விழப்போனா காலை ஊணிக்கிடலாம் தம்பி. இதுல ரெண்டு காலையும் பலகையோட சேத்துக் கெட்டிப்போடுவாங்கல்லா?" என்றேன். பஹல்காமைத் திட்டத்திலிருந்து அவரே அடித்துவிட்டார்.

இடத்தைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். தொடக்கநிலைக்காரருக்கு அது அவ்வளவு பெரிய விஷயமன்று என்பது என் எண்ணம். மென்மையான சரிவும், பொறுமையுள்ள ஆசிரியரும், தங்கும் விடுதியிலிருந்து நடக்கிற தூரமும் அமைந்தால் போதும். சுமார் 2,650 மீட்டர் உயரத்திலுள்ள குல்மார்கில் இந்த மூன்றும் அமைவது எளிது. நம் பொதிகையின் உச்சியே 1,868 மீட்டர்தான் என்பதால், போய்ச் சேர்ந்த அன்று மூச்சு சற்று வாங்கும். அன்று பலகையைத் தொட வேண்டாம் என்பேன். மணாலிக்கு மேலேயுள்ள சோலாங், செலவு குறைந்த மாற்று. ஆனால் 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதைக்குப் போகிற சாலை அவ்வழியே செல்வதால், பனியைப் பார்க்க வந்த கூட்டத்தின் நடுவே சறுக்கப் பழக வேண்டியிருக்கும். உத்தராகண்டிலுள்ள அவுலியின் சரிவு அருமையானது. ஆனால் ரிஷிகேஷிலிருந்து அதன் அடிவார ஊரான ஜோஷிமட் வரைக்குமே சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் தாழ்ந்தபோது அங்கிருந்து அவுலிக்குப் போகும் ரோப்வே நிறுத்தப்பட்டதையும் மறப்பதற்கில்லை. துபாயில் அண்ணனோ மச்சானோ இருக்கிறவர்களிடம், அங்கே வணிக வளாகத்துக்குள் 2005 முதல் இயங்கிவரும் ஸ்கி துபாயில் ஒரு பாடம் எடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்வதுண்டு. கூரைக்குக் கீழேதான் என்றாலும் அங்கே இருப்பதும் பனிதான். இந்த விளையாட்டு தமக்கு ஒத்துவருமா என்பதைக் காஷ்மீர்ச் செலவுக்கு முன்பே தெரிந்துகொள்ளலாம்.

காலத்தைப் பற்றித்தான் எனக்கும் வாடிக்கையாளர்களுக்கும் பெரும்பாலும் வழக்கு. அவர்களுக்கு விடுப்பு கிடைப்பது கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும். பனிக்கு அந்தக் கணக்கு தெரியாது. டிசம்பர் 21-இல் தொடங்கும் சில்லாய் கலான் என்ற நாற்பது நாள் கடுங்குளிரில் குளிர் மட்டும் இருந்து பனி இல்லாமலும் போகலாம். 2024 ஜனவரியின் பெரும்பகுதியில் குல்மார்கின் சரிவுகள் காய்ந்து பழுப்பாகக் கிடந்தன. மாதக் கடைசியில்தான் பனி இறங்கியது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டிகளே பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. அரசே தேதியை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறபோது, ஆறு மாதத்துக்கு முன்பே மாற்ற முடியாத விமானச் சீட்டை வாங்கிக் கொடு என்று என்னைக் கேட்பதில் நியாயமில்லை. பிப்ரவரியின் முதல் மூன்று வாரங்களுக்குள் விடுப்பைக் கேளுங்கள், தேதி மாற்றத்துக்கு இடமுள்ள சீட்டாக எடுங்கள், விடுதியில் ரத்து விதியைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள் என்று மூன்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

போகிற வழி எளிதுதான்: தூத்துக்குடி விமான நிலையமுள்ள வாகைக்குளத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ சென்னை, பிறகு டெல்லி, ஸ்ரீநகர். அங்கிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். டங்மார்குக்கு மேலே கடைசி 13 கிலோமீட்டரில் பனி விழுந்தால் சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிகள்தாம் ஏறும். ரயிலை விரும்புகிறவர்கள் கட்ரா வரை போய், 2025 ஜூனில் தொடங்கிய கட்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத்தைப் பிடிக்கலாம்; ஆனால் போகவர ஆகும் நாட்களெல்லாம் சறுக்குகிற நாட்களிலிருந்தே கழியும். வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குழுவில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இல்லையென்றால், மகன் பனியில் புதைந்துவிட்டான் என்று இங்கே வீட்டில் அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

எங்கள் அலுவலகத் தரையில் நடக்கும் வேலை ஒன்று உண்டு. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் இன்னமும் வேடிக்கை பார்ப்பார். சுவரை ஒட்டி ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு, வந்தவரை அதில் குதிகால் சுவரில் படும்படி நிற்கச் சொல்வேன். முழு எடையையும் ஊன்றியபின் பெருவிரல் முடிகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அளவுகோலால் சென்டிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்வேன், ஸ்னோபோர்டு பூட்ஸில் பாதத்தின் நீளம் சென்டிமீட்டரிலும் குறிக்கப்பட்டிருக்கும் என்பதால். அகலத்தையும் அளப்பது முக்கியம். ஆண்டு முழுவதும் செருப்பிலேயே நடந்த நம் பாதங்கள் முன்பக்கம் விரிந்திருக்கும். நீளத்தை மட்டும் சொல்லி வாடகை பூட்ஸ் வாங்கினால் சுண்டுவிரல் நசுங்கும். அதற்காகப் பெரிய அளவு எடுத்தால் உள்ளே குதிகால் தூக்கிக்கொண்டு, பலகை சொன்னபடி கேட்காது. இரண்டு காலுறைகளைப் போடுவதும் இதே காரணத்தால் கூடாது. முழங்கால் வரை வருகிற கம்பளிக் காலுறை ஒன்று போதும். பிறகு, எதிர்பாராத நேரத்தில் பின்னாலிருந்து மெல்லத் தள்ளிப் பார்ப்பேன். எந்தக் கால் முன்னே போகிறதோ அதையே பலகையிலும் முன்னால் வைத்துத் தொடங்கலாம். இடது காலை முன்வைப்பவர் 'ரெகுலர்', வலது காலை முன்வைப்பவர் 'கூஃபி'. இது உறுதியான சோதனையன்று, ஆசிரியர் மாற்றச் சொன்னால் மாற்றிக்கொள்ளலாம். ஆனாலும் வாடகைக் கடையில் திருதிருவென்று விழிக்காமல் இருக்க உதவுகிறது.

உடை விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் அங்கே எதிரி. பருத்தி பனியன் வியர்வையில் நனைந்தால் காய்வதில்லை. பூஜ்யத்துக்குக் கீழான குளிரில் உடம்போடு ஒட்டிக்கொண்டு நடுக்கும். டங்மார்கில் வலிய வந்து வாடகைக்குக் கொடுக்கும் நீளமான கோட்டும் ரப்பர் பூட்ஸும் பனியில் நின்று படம் எடுக்கத்தான் ஆகும். தண்ணீர் புகாத மேற்சட்டையும் கால்சட்டையும் தனியே வேண்டும். வேறெதைக் குறைத்தாலும் மணிக்கட்டுக் காப்பைக் குறைக்க விடமாட்டேன். விழும்போது உள்ளங்கையை ஊன்றுவது இயல்பு என்பதால், புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதிகம் அடிபடுவது மணிக்கட்டில்தான். பிள்ளைகளின் ஸ்கேட்டிங்குக்கு விற்கிற காப்பு இங்கேயே விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. பயணக் காப்பீட்டிலும் விலக்குப் பட்டியலைப் படித்தாக வேண்டும். சாகச விளையாட்டுகளை அதில் சேர்த்திருக்கும் திட்டங்கள் பல.

இத்தனையும் முடிந்த பிறகு அம்மா வருவார். பையனைத் தனியே அனுப்ப மனமில்லாமல், "நாங்களும் கூட வந்து பாத்துக்கிடுதோம்" என்பார். அதைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வராது. 2025 ஏப்ரலில் பஹல்காமில் சுற்றுலாப் பயணிகள்மீது நடந்த தாக்குதலை அறிந்த எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி எழாமல் இராது. பெரியவர்களுக்குக் கோண்டோலா என்ற குல்மார்க் கம்பிவட வண்டியின் முதற்கட்டமான கோங்டூரி வரைக்கும் சீட்டு போடுவேன். ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்துக்குப் போகும் இரண்டாம் கட்டம், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் கிடையாது. பலகையோடு போகிற பையனுக்கும் அங்கே இடமில்லை. அந்த இரண்டாம் கட்டம் போய்ச் சேரும் அஃபர்வட் மலையின் சரிவுகள் தேர்ந்தவர்களுக்கானவை. 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவர் அங்கேதான் பனிச்சரிவில் இறந்தார்கள்.

இரண்டாம் நாள் இரவில் விடுதியிலிருந்து தொலைபேசி வரும். இடுப்பைத் திருப்ப முடியவில்லை, நாளைக்குப் பாடத்தை விட்டுவிட்டுப் பஹல்காமுக்கு வண்டி போட முடியுமா என்று கேட்பார்கள். மணிக்கட்டு வீங்கியிருக்கிறதா, தலையில் அடிபட்டதா என்று முதலில் விசாரிப்பேன். இருந்தால் மருத்துவர், இல்லையென்றால் வெந்நீரும் தூக்கமும். மூன்றாம் நாளுக்கான ஆசிரியர் கட்டணத்தை ஊரிலேயே முன்பணமாக வாங்கி, திருப்பித் தரப்பட மாட்டாது என்று ரசீதில் எழுதிக் கொடுத்திருப்பதால், பஹல்காம் பேச்சு பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடுகிறது.