கிராந்த் ஷலூப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்கு வந்து எட்டு மாதம் ஆகியும், தலைநகர் சான் தெனியைத் தாண்டி நான் அதிகம் போனதில்லை. வீடு, வேலை, சனிக்கிழமைச் சந்தை, அவ்வளவுதான். தாத்தா புதுச்சேரியில் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாயாக, இருந்த புண்ணியத்தில் கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது. பாஷையும் ஓரளவு வரும். ஆனால் கடைக்காரர் இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் இரண்டு வாக்கியம் வேகமாகப் பேசிவிட்டால் திருதிருவென்று முழிப்பேன்.

பக்கத்து வீட்டு மதாம் ஒருநாள் மதிலுக்கு மேலே ஒரு கொத்துக் கீரையை நீட்டி, “மூருங்” என்றார். பார்த்தால் முருங்கை! தமிழ் தெரியுமா என்று கேட்டேன். ஒரு சொல் கூடத் தெரியாதாம். ஆனால் கறிவேப்பிலை அவருக்குக் ‘கலுபிலே’. அவர் ‘மலபார்’. தமிழ் வம்சாவளியினருக்கு இங்கே அதுதான் பெயர். கேரளாவைத் தேட வேண்டாம். அவர்தான், “முசே, கிராந்த் ஷலூப் பார்த்தாச்சா?” என்று கேட்டு, அடுத்த ஞாயிறே தன் பேரனையும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சான் தெனிக்கும் லா பொசெசியோனுக்கும் இடையில் மலை நேராகக் கடலில் இறங்குகிறது. அதைப் பிளந்துகொண்டு வரும் பள்ளத்தாக்குதான் கிராந்த் ஷலூப். 1882-இல் சான் பெனுவா முதல் சான் பியேர் வரை 126 கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அகலப் பாதையில் ரயில் விட்டபோது, இந்த இடத்தில் சுமார் பத்து கிலோமீட்டர் மலையைக் குடைந்திருக்கிறார்கள். இருட்டில் வந்த ரயில் மூச்சு வாங்க வெளியே தலை நீட்டிய இடம் இது. 1963-இல் மலையடியில் கடலோரச் சாலை வந்ததும் ரயிலின் காலம் முடிந்தது. அந்தச் சாலையில் பாறை விழுந்து உயிர்கள் போனதால், இப்போது கடலுக்குள்ளேயே தூண் நட்டு 5.4 கிலோமீட்டருக்குப் பாலம் கட்டியிருக்கிறார்கள். மலையோடு மல்லுக்கட்டுவதில் இவர்களுக்குச் சலிப்பே கிடையாது.

பழைய ஸ்டேஷன் இன்னும் நிற்கிறது. அங்கே நின்ற ரயில் இஞ்சினைத் தொட்டுப் பார்த்த பையனின் உள்ளங்கை முழுக்கத் துரு. அதைப் பாட்டியின் பாவாடையில் துடைத்து வாங்கிக் கட்டிக்கொண்டான். சுரங்கத்தின் வாய் வரை போய் எட்டிப் பார்த்தோம். அதற்கு மேல் போக எனக்குத் தைரியமில்லை.

அப்புறம் ‘ஆங்கிலேயர் பாதை’யில் ஏறினோம். ரயிலுக்கு வெகுகாலம் முன்பே போட்ட கருங்கல் பாவிய வழி. 1810-இல் தீவைப் பிடிக்க வந்த ஆங்கிலப் படை இங்கே கரையிறங்கியதால் அந்தப் பெயர். அலுவலக ஷூவோடு போனது என் புத்தி. ஈரக் கல்லில் வழுக்கி முட்டியைச் சிராய்த்துக்கொண்டேன். உட்கார்ந்து தேய்க்கும்போதுதான் எதிரே பனங்கன்று போல விசிறி ஓலையோடு ஒன்று கண்ணில் பட்டது. காம்பும் ஓலை நரம்பும் செம்மண் நிறம். லத்தானியே என்றார் மதாம். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராத, இந்தத் தீவின் சொந்த மரம். அதன் தாவரவியல் பெயரிலேயே ‘பனை போன்றது’ என்ற பொருள் இருக்கிறதாம், பிறகு படித்தேன். மற்றபடி சரிவு பூராவும் சவுண்டல். அதுவும் வெளியிலிருந்து வந்ததுதான், என்னைப் போல.

இறங்கி வந்து லசாரே பக்கம் போனோம். கப்பலில் வந்தவர்களை, நோய் இல்லை என்று தெரியும்வரை அடைத்து வைத்த இடம். 1860-களில் புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்களிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் இந்தச் சுவர்களுக்குள்தான் காத்துக் கிடந்தார்கள். ரயில் ஓடத் தொடங்கிய அதே 1882-இல்தான் இந்தியாவிலிருந்து இங்கே கூலி அனுப்புவதைப் பிரிட்டிஷ் அரசு நிறுத்தியது. விமான நிலையத்தில் வரிசையில் நாற்பது நிமிடம் நின்றதற்கு ஊருக்கு போன் போட்டுப் புலம்பியவன் நான். அதை மதாமிடம் சொல்லவில்லை.

நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சோறு, கோழிக் கறி, தக்காளி ருகாய் என்ற காரத் துவையல். கறியில் கிடந்த இலையை எடுத்துப் பையனிடம் காட்டி, “கறி-வேப்-பிலை” என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெரியவர் ஏதோ தப்பாகச் சொல்கிறார் என்ற பாவனையில் திருத்தினான்: “கலுபிலே.”