கடலில் மிதந்த ரயில் பெட்டிகள்

நண்பன் கனடா போகும்போது ஒரு சப்பாத்துப் பெட்டியை என்னிடம் தந்துவிட்டுப் போனான். "மச்சான், இனி இதோடு மல்லுக்கட்ட எனக்கு ஏலாது." உள்ளே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் டிஎம்642 சிப் பொருத்திய பலகையும், அதைக் கணினியோடு இணைக்கும் ஒரு ஜேடேக் எமுலேட்டரும் இருந்தன. வீடியோவுக்கென்றே செய்த டிஎஸ்பி, அதாவது சிக்னல்களை வேகமாகக் கணக்குப் போடும் சிப். வயது போய்விட்டது, ஆனால் உயிர் இருக்கிறது.

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பால்கனிக்கு முன்னால் மரைன் டிரைவ், அதற்கப்பால் தண்டவாளம், பிறகு கடல். முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிய சிசிடிவி கேமராவை அந்தப் பக்கம் திருப்பிப் பலகையில் செருகினேன். படத்தைக் கணினிக்குக் கொண்டுவருவதுதான் பாடு. முதலில் ஜேடேக் வழியாகவே இழுத்துப் பார்த்தேன். ஒரு பிரேம், அதாவது ஒரு முழுப் படம், வருவதற்குள் பிளேன்டி ஊற்றிக் குடித்துவிடலாம். அது நிரலில் பிழை பார்க்கிற வயர், படம் அனுப்புகிற வயர் இல்லை.

சரி, பலகையில் 100 மெகாபிட் ஈதர்நெட் இருக்கிறதே என்று கணக்குப் போட்டேன். 720×576, பிக்சலுக்கு 2 பைட், நொடிக்கு 25 பிரேம்: 20.7 மெகாபைட். ஈதர்நெட் வயர் எவ்வளவு முக்கினாலும் நொடிக்கு 12.5 மெகாபைட்தான். நல்ல காலம், இந்தச் சிப்பின் வீடியோ போர்ட் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகவே மெமரியில் போடும். நிறத்தை விட்டேன். கேமரா ஒவ்வொரு பிரேமையும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு ஃபீல்டாக அடுத்தடுத்து எடுக்கும்; அதில் ஒன்றையும் விட்டேன். ஓடும் ரயிலின் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி வந்த கோடுகளும் அதோடு போயின. மிச்சம் 5.2 மெகாபைட். படத்தின் இரண்டு வரிக்கு ஒரு யுடிபி பாக்கெட், அதாவது நெட்வொர்க்கில் போகும் தரவுப் பொட்டலம்; அதன் தலையில் வரி எண்.

படம் வந்தது. ஆனால் ரயில் போன பிறகும் பெட்டித் துண்டுகள் கடலில் மிதந்தன! இரண்டு இரவு பாக்கெட்டைச் சந்தேகப்பட்டேன். அப்புறம் துண்டுகளை அளந்தால் 128 பிக்சல், இல்லையென்றால் அதன் மடங்கு. நிறம் போனதால் பிக்சலுக்கு ஒரு பைட். சிபியு மெமரியின் நகலை வைத்துக்கொள்ளும் வேகமான சின்ன மெமரிதான் கேஷ்; எல்2 கேஷின் ஒரு வரி 128 பைட்! சிபியுவைத் தொடாமல் தரவை நகர்த்தும் டிஎம்ஏ புதுப் படத்தை மெமரியில் எழுதுகிறது, சிபியு கேஷில் கிடக்கும் பழையதையே அனுப்புகிறது. வாசிக்குமுன் கேஷைச் செல்லாததாக்கியதும் கடல் சுத்தமானது.

உடனே, ரயில்களை எண்ணுவதற்கு நிரலில் வைத்திருந்த மாறி (variable) தன்பாட்டில் பழைய எண்ணுக்குப் போகத் தொடங்கியது. படத்துக்கு மெமரியில் ஒதுக்கிய இடமான பஃபரின் ஓரத்தில், அதே கேஷ் வரியில் குடியிருந்திருக்கிறது; அந்த வரியைச் செல்லாததாக்கும்போது அதன் புது எண்ணும் சேர்ந்து போயிருக்கிறது. பஃபரை 128 பைட் எல்லையில் தொடங்கி அதே எல்லையில் முடித்த பிறகே அடங்கியது.

நிறத்தை இன்னும் தொடவில்லை. நீல ரயிலும் சிவப்பு ரயிலும் இப்போதைக்குச் சாம்பல்தான்.